ராசி பேச உட்காரும் பெரியவர்களுக்கு

புதுமடம், வேதாளை, மரைக்காயர்பட்டினம், பெரியபட்டினம் என்று இந்தத் தென்கடல் கரை ஊர்களில் பள்ளிவாசல் வராந்தாவிலும் கடற்கரைக் கொட்டகையிலும் ராசி பேச உட்காரும் பெரியவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கடல் தகராறு என்றால் கூடவே வந்து உட்காரும் மீனவ கிராமத் தலைவர்களுக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை மாமா என்றும் காக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த புதுமடத்துப் பெண் நான். ராமநாதபுரம் கோர்ட்டில் குடும்ப வழக்குகள் பார்க்கிறேன். இந்தக் கரையில் ஏதோ ஓர் ஊரில் ராசி பேசி அனுப்பி வைத்த தம்பதி, ஒரு நோன்பு கழிந்து அடுத்த நோன்பு வருவதற்குள் தனித்தனியாக வக்கீல் வீட்டுப் படி ஏறுவது புதிதல்ல. "ராசியாத்தானேம்மா போனீங்க?" என்று கேட்டால் பெண் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் எங்க ராசியானேன்? அவுக ராசி பண்ணி வுட்டாக."

இந்தப் பதிலில் உள்ள இலக்கணத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ராசியாவது வேறு, ராசியாக்குவது வேறு. முதலாவது தன்வினை, சண்டை போட்ட இரண்டு பேரும் செய்ய வேண்டியது. இரண்டாவது பிறவினை, மூன்றாவது ஆள் செய்வது. இரண்டாவது முடிந்த கையோடு முதலாவதும் முடிந்துவிட்டது என்று எண்ணி, ஸலவாத்துச் சொல்லி எழுந்து, டீக்கும் சொல்லிவிடுகிறோம்.

ராசி என்ற இந்தச் சொல், மேஷம் ரிஷபம் சொல்லும் ராசி அல்ல. "கைராசிக்காரர்" என்பதில் வரும் ராசியும் அல்ல. திருப்தியடைந்தவர், சம்மதித்தவர் என்று பொருள்படும் அரபிச் சொல் பாரசீகம் வழியாகச் சர்க்கார் கச்சேரிக்கு வந்து, கச்சேரியிலிருந்து ஊருக்கு வந்தது. வழக்கைத் தீர்த்துக்கொண்டேன், எனக்குத் திருப்தி என்று வாதி எழுதிக் கொடுத்த தாள் ராசிநாமா. ரயத்துவாரிக் காலத்தில் நிலத்தை இனி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று குடியானவன் எழுதிக் கொடுத்த தாளுக்கும் அதே பெயர்தான். அதுவே இன்று மந்திரிகள் கொடுக்கும் ராஜினாமா. நிலத்தை விட்டு எழுந்து போனவன் எவ்வளவு திருப்தியோடு போனான் என்பதை அந்தத் தாளிலிருந்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. கச்சேரித் தாளுக்கு அப்போதிருந்தே இந்தச் சாமர்த்தியம் உண்டு.

ஆனால் இந்தச் சொல்லின் வேர் உங்களுக்குக் கச்சேரியைவிட நெருக்கமானது. சஹாபாக்களின் பெயரைச் சொன்னதும் "ரலியல்லாஹு அன்ஹு" என்கிறோமே, அதில் இருப்பதும் அதே வேர்தான். தமிழில் நம் ஆலிம்கள் அதைப் பொருத்தம் என்பார்கள். தாயின் பொருத்தம் வேண்டும், அல்லாஹ்வின் பொருத்தம் வேண்டும் என்கிறோம். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார். ஏன் வீடு வீடாகப் போக வேண்டும்? பள்ளிவாசலில் ஒரு முறை அறிவித்துவிட்டுப் போகலாமே. முடியாது. பொருந்திக்கொள்ள வேண்டியவர் யாரோ அவர்தான் பொருந்திக்கொள்ள வேண்டும். அவருக்குப் பதிலாக ஊர்த் தலைவர் பொருந்திக்கொள்ள முடியாது. பழம் விடுகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். நீட்டிய விரலை எதிராளிதான் வந்து தொட வேண்டும்.

இனிக் கடலுக்கு வருகிறேன். ராசி என்பதை நம் கரையில் சரியாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் வலைக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம்.

1970களின் பிற்பகுதியில் பாக் நீரிணைப் பக்கத்து வடகடலில் விசைப்படகுகள் பெருகியபோது நாட்டுப்படகுக்காரர்களோடு மூண்ட மோதல் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இழுவைமடி போகிற வழியில் நாட்டுப்படகுக்காரர் விட்டிருந்த வலை போயிற்று, படகுகள் எரிந்தன. அதற்குக் கண்ட தீர்வு இன்றும் பெயர் சொல்கிறது: வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் தூரத்தை நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கியது. அந்த எல்லையை மீறுகிறார்கள், அதிகாரிகள் பார்க்காமல் விடுகிறார்கள் என்ற புகார் தீரவில்லைதான். ஆனாலும் நாள் கணக்கு நிற்கிறது. "எல்லாரும் ஒரே கடலம்மா பிள்ளைகள்தானே, அனுசரித்துப் போங்கள்" என்று அன்று உபதேசம் செய்துவிட்டு எழுந்திருந்தால் அது ஒரு மாதம்கூட நின்றிருக்காது. யாருக்கு என்ன நஷ்டம், எதனால் நஷ்டம், அந்தக் காரணம் திரும்ப நேராமல் இருக்க யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேசியதால் நின்றது. விசைப்படகுக்காரர் விட்டுக்கொடுத்தது நான்கு நாள். நான்கு நாள் என்பதை எண்ண முடியும்.

தனிப்பட்ட தகராறிலும் அப்படித்தான். இரவில் யாரோ வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டால், மறுநாள் பேச்சு எங்கே தொடங்குகிறது? அறுந்த வலையைக் கரையில் விரித்துப் போடுவதில். எவ்வளவு நீளம் போயிற்று, மிச்சத்தைத் தைத்து எடுக்க முடியுமா, கயிறும் மிதவையும் எவ்வளவு, தைத்து முடிகிறவரை தொழில் இல்லாத நாளுக்கு என்ன கணக்கு. இரண்டு தரப்பும் குனிந்து பார்க்கிறார்கள். குரல் உயரும், கெட்ட வார்த்தை வரும், ஒருவர் எழுந்து போவார், இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். ஆனால் வலையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு "நடந்தது நடந்துபோச்சு" என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் வலைக்காரன் சும்மா இருக்க மாட்டான்.

கடல் தாண்டிய சண்டையில் இந்த அளப்பு நடக்கவில்லை. 2014 ஜனவரி 27ஆம் தேதி சென்னையிலும், மே 12ஆம் தேதி கொழும்பிலும் நம் மீனவர்களும் இலங்கை வட மாகாண மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். இரு பக்கமும் தமிழ்தான், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தார் கேட்டது அறுந்துபோன வலைகளையும் இழுவைமடியையும் பற்றி. நம்மவர்கள் கேட்டது இழுவைமடியைக் கைவிடக் கால அவகாசமும், பிடிபட்ட ஆட்களும் படகுகளும். இரண்டுமே நியாயமான கவலைகள். ஆனால் அந்தக் கரையில் போன வலையை இந்தக் கரையார் குனிந்து பார்க்கவே இல்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. கைதுகள் இன்றும் நிற்கவில்லை. அந்தக் கரையில் போன வலையைப் பற்றி நம் ஊரில் சொன்னால் கோபப்படுகிறார்கள். நம்முடைய நாட்டுப்படகுக்காரர் இதே விசைப்படகைப் பற்றிச் சொன்ன குறையைத்தான் அவர்களும் சொல்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும்.

இப்போது பள்ளிவாசல் வராந்தாவுக்கு வாருங்கள்.

கணவன் மனைவி வழக்கு. பெண்ணின் நகை விசாவுக்காக விற்கப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளை சவூதிக்குப் போய் வந்துவிட்டார், நகை வரவில்லை. நடுவில் கை நீட்டலும் உண்டு. பெண் தாய் வீட்டில் இருக்கிறாள். பேச்சு நடக்கும் இடத்தில் அவள் இல்லை. அவளுக்காக அண்ணன் பேசுகிறான். அண்ணனுக்கு அடுத்த தங்கையின் கல்யாணக் கவலை. முதல் வாக்கியமே "நடந்தது நடந்துபோச்சு". எத்தனை பவுன், எந்தக் கடையில், எந்த வருஷம் விற்றது என்று விரித்துப் போட்டுப் பார்க்கிற பழக்கம் இங்கே மட்டும் இல்லை. அடி பட்ட இடத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஆண்கள் நிறைந்த சபையில் நாக்கு எழாது. கடைசியில் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பப்படும் சொல்: "இணங்கிப் போம்மா."

இணங்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். இருவர் இணங்கினார்கள் என்றால் மனம் ஒத்தார்கள் என்று பொருள். ஒருத்தியை மட்டும் பார்த்து இணங்கு என்றால் அடங்கு என்று பொருள். எழுத்து ஒன்று, இடம் மாறியதும் அர்த்தம் மாறிவிடுகிறது. மாப்பிள்ளையைப் பார்த்து "இணங்கிப் போ தம்பி" என்று எந்தச் சபையிலாவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அவருக்குச் சொல்வது "பார்த்து நடந்துக்கப்பா" என்பது. அதில் வினைச்சொல் இருக்கிறதே தவிர வினை எதுவும் இல்லை.

எல்லா ஊரிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்து, நகைக்குக் கணக்குப் போட்டு, தவணை எழுதி வாங்கி, மூன்று மாதம் கழித்துத் தானே போய் விசாரித்து வந்த ஒரு தலைவரை எனக்குத் தெரியும். அவர் ராசி பேசிய வீடுகள் என்னிடம் வந்ததில்லை. எனக்கு அதனால் தொழில் நஷ்டம்.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது மாமியார் வீட்டிலேயே சமையல் சொல்லிக் கொடுப்பது மாதிரி. இருந்தாலும் ஒரு விஷயம். சமாதானம் செய்து வைப்பதற்குக் குர்ஆனில் வரும் வினை இஸ்லாஹ் செய்வது. வளைகுடா போய் வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வேர் தெரியும், ஓதியதால் மட்டுமல்ல. ஜித்தாவிலும் துபாயிலும் கார் பட்டறைப் பலகையில் எழுதியிருக்கும் "தஸ்லீஹ்" இதே வேர்தான். பழுது பார்த்தல். "ஸாலிஹான பிள்ளையா வளரணும்" என்று பாட்டிமார் துஆச் செய்கிற ஸாலிஹும் இதே வேர். பட்டறைக்கு வந்த வண்டியில் எது உடைந்தது என்று திறந்து பார்க்காமல், துடைத்துப் பளபளப்பாக்கிச் சாவியைக் கொடுப்பதற்குத் தஸ்லீஹ் என்று பெயரில்லை. தம்பதிக்குள் பிளவு என்றால் கணவன் வீட்டார் ஒருவர், மனைவி வீட்டார் ஒருவர் என்று இருவரை நியமிக்கச் சொல்கிறது நிஸா அத்தியாயம். ஹுஜுராத் அத்தியாயத்தில், சண்டையிடும் இரு கூட்டத்தாரிடையே சமாதானம் செய்யும்படி வரும் கட்டளை, வரம்பு மீறியவர் திரும்பிய பிறகு இரண்டாம் முறை வரும்போது நீதியோடு என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. நீதி இல்லாமலும் சமாதானம் செய்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்துதான் அது அப்படி வருகிறதோ என்று எனக்குத் தோன்றும்.

பரீரா அவர்களின் சம்பவத்தை ஜும்ஆ பயானில் அதிகம் கேட்ட நினைவில்லை; புகாரியில் இருக்கிறது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெண். விடுதலையானதும், அடிமையாகவே இருந்த கணவர் முகீஸோடு தொடர்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. வேண்டாம் என்றார். முகீஸ் அழுதுகொண்டே அவர் பின்னால் மதீனாத் தெருக்களில் நடந்தார். மனம் இரங்கிய நபி (ஸல்) அவர்கள், திரும்பிப் போகக் கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா முடித்துவிட்டார். யாரும் அவரை மார்க்கத்துக்கு அடங்காதவள் என்று சொல்லவில்லை. நபியே பேசிய ராசியை ஒரு பெண் மறுத்திருக்கிறாள், அந்த மறுப்பு நின்றிருக்கிறது. நம்முடைய சபைகளில் தலைவர் பேசி ஒரு பெண் மறுத்தால் என்ன பேச்சு வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தமிழிலும் இப்படி மறுப்பது புதிதல்ல. ஊடிய தலைவியிடம் தலைவனுக்காகப் பேசப் போகிறவர்களைத் தொல்காப்பியம் வாயில்கள் என்கிறது. தோழி, தாய், பாணன், விருந்தினர் என்று பன்னிரண்டு பேர் பட்டியலே உண்டு. அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டால் அது வாயில் நேர்தல். திருப்பி அனுப்பினால் வாயில் மறுத்தல். மறுப்பதற்கென்றே ஒரு துறை வகுத்து, அதில் பாட்டுகளும் எழுதியிருக்கிறார்கள். ஏற்கும் பாட்டைவிட மறுக்கும் பாட்டுகள்தான் எனக்குப் படிக்கச் சுவையாக இருக்கின்றன. தோழி பாணனை விரட்டுகிற விரட்டு அப்படி.

சட்டப் பக்கம் உங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு என்பது தெரியும். ஷரீஅத் மன்றங்களின் தீர்ப்புக்கும் பத்வாவுக்கும் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலு இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குலா என்ற மணமுறிவு வேண்டும் பெண் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் சபைகள் திருமணம் முறிந்ததாகச் சான்றிதழ் தர முடியாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. "கோர்ட்டு நம்ம கையைக் கட்டிருச்சு" என்று ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அப்படிப் படவில்லை. தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ராசி பேசாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் உங்களுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதுதான் முதலிலிருந்தே உங்கள் வேலையும்.

முத்தலாக் சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிற 2019 சட்டத்தை எனக்குப் பிடிக்காது. சோறு போட வேண்டியவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு ஜீவனாம்சத்தை யாரிடம் கேட்பது? ஆனால் அதில் ஒரு பிரிவு ராசியின் இலக்கணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. வழக்கை ராசியில் முடிக்கலாம். அந்தப் பெண் கேட்டால் மட்டும், நீதித்துறை நடுவரின் அனுமதியோடு. அவளுடைய அண்ணன் கேட்டு அல்ல, ஊர் கேட்டு அல்ல. 2023இன் சமரசச் சட்டத்திலும் ஊர் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது நடைமுறைக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: இரு தரப்பும் முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும், சமரசம் பேசுவோரில் பெண்களுக்கும் இடம் தருவதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு இடம் தராததால் என்ன ஆயிற்று என்பதற்கு நமக்கு வெகு தூரம் போக வேண்டாம். புதுக்கோட்டையில் தாவூத் ஷரிஃபா கானம், 2000களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தே தொடங்கினார். தங்கள் வழக்கு பேசப்படும் சபைக்குள் தாங்களே போக முடியாத பெண்கள் அங்கே போனார்கள். பெண்களுக்கு எதற்குத் தனி ஜமாஅத் என்று அப்போது கோபப்பட்டவர்கள், இருக்கிற ஜமாஅத்தில் ஒரு பாயை விரித்துப் போட்டிருந்தால் அந்தக் கோபத்துக்கே அவசியம் வந்திருக்காது. அவர் செய்த எல்லாவற்றோடும் உடன்பட வேண்டும் என்பதில்லை. அங்கே எழுதப்பட்ட புகார்களில் நகைக்கும் அடிக்கும் கணக்கு இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீங்கள் பேசுவதைவிடக் கோர்ட்டிலும் போலீஸிலும் நடப்பது உயர்ந்தது என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதீர்கள். மகளிர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, இருவரையும் நிற்க வைத்து, "சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கி அனுப்புவதும் ராசிதான் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் காம்ப்ரமைஸ் மெமோவில் கையெழுத்து வாங்கும் அவசரமும் குறைந்ததல்ல. பெஞ்ச் எழுந்துவிடும் என்ற பயத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் போடப்பட்ட கையெழுத்துகள் உண்டு. ஊருக்குள் உங்களுக்கு இருக்கிற வசதி எங்களுக்கு இல்லை. அடுத்த மாதம் அந்த வீட்டு வாசலில் நின்று "என்னம்மா, எப்படி இருக்கே?" என்று உங்களால் கேட்க முடியும். நீதிபதியால் முடியாது.

அதனால் கேட்கிறேன். அடுத்த தடவை உட்காரும்போது பெண்ணைக் கூட்டி வரச் சொல்லுங்கள். உம்மாவோ லாத்தாவோ பக்கத்தில் இருக்கட்டும். சபையில் பேச அவளுக்குக் கூச்சம் என்றால், அவளிடம் தனியாகப் பேச ஊரில் ஓதிய, படித்த பெண்கள் இருக்கிறார்கள். நகைக்கும் கைக்கூலிக்கும் மஹருக்கும் முதலில் கணக்கு எழுதுங்கள். அடி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அன்றைக்கு ராசி பேச வேண்டாம், முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள், குடும்ப வன்முறைச் சட்டம் என்று 2005இலிருந்து ஒன்று இருப்பதைச் சொல்லுங்கள். யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், எந்தத் தேதிக்குள் என்பதை நிகாஹ் தப்தரோடு ஒரு நோட்டில் எழுதி இருவருக்கும் பிரதி கொடுங்கள். "பார்த்து நடந்துக்கப்பா" என்பதைத் தயவுசெய்து எழுத வேண்டாம்.

கடைசியில் அவளிடம் சம்மதமா என்று கேட்கும்போது, இல்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதையும் அவளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க மாட்டோம், தங்கை கல்யாணத்துக்கு ஜமாஅத் கடிதம் தர மறுக்க மாட்டோம், பிள்ளைகளைப் பிரிக்க விட மாட்டோம் என்று. அதைக் கேட்ட பிறகு அவள் சரி என்றால், அந்தச் சரியை ராசி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டை எப்படிப் போடுவது என்று சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில்தான் இருப்பேன். ஃபீஸ் கிடையாது.

வஸ்ஸலாம்.

உங்கள் ஊர்ப் பெண்,
ராமநாதபுரம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போடுகிறவள்